பிரெட்னிசோலோன் 40 மி.கி. எடுக்கும்போது ரி.எஸ்.எச். குறைந்து வந்தால் அது தைரொயிட் வருத்தமா?

உவர்மலை ரீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கணித ரீச்சர். படிமுறை காட்டாமல் விடை மட்டும் எழுதினால் நானே புள்ளி போடமாட்டேன்.

எனக்கு 41 வயது. திருகோணமலை டவுனில்தான் வேலை. மூன்று வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவர் அழற்சியாகிப் புண்படும் வருத்தம். மெசலசீனும் அசதியோப்பிரினுமாக நல்லாய்த்தான் போய்க்கொண்டிருந்தது. போன தவணைப் பரீட்சை நேரம் திரும்பக் கிளம்பிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம், அதுவும் இரத்தத்தோடு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் எந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது, எந்த முதலாளி முகம் சுளிக்காமல் திறப்புத் தருவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஐந்து நாள் வாட்டில் வைத்து ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட்டார்கள். அப்புறம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் 40 மி.கி. ஐந்து மி.கி. குளிசை எட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே தரமாக. இரண்டு கிழமை அப்படியே எடுத்துவிட்டு, பிறகு கிழமைக்கு ஒரு குளிசையாகக் குறைக்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள்.

வயிறு ஒரு கிழமைக்குள் அடங்கிவிட்டது. அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் மற்றதெல்லாம் குழம்பிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு முழித்தால் பிறகு நித்திரை இல்லை. நெஞ்சு படபடக்கிறது. அடிமட்டம் இல்லாமல் கரும்பலகையில் நேர்கோடு கீறுவேன் என்று எனக்கொரு பெருமை உண்டு. இப்போது கோடு பாம்பு மாதிரி நெளிகிறது. தரம் பத்துப் பிள்ளைகள் சிரிப்பை அடக்குவது எனக்கு முதுகிலேயே தெரிகிறது. பசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அரை றாத்தல் பாணையும் சம்பலையும் ஒரே இருப்பில் முடித்துவிட்டு, மிச்சம் இருக்கிறதா என்று குசினிக்குள் எட்டிப் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கிற தம்பி காசு அனுப்பி, "முழு உடம்பையும் ஒருக்கா செக் பண்ணுங்கோ அக்கா" என்றான். பிரெட்னிசோலோன் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் இரத்தம் கொடுத்தேன். தைரொயிட்டை ஏவுகிற ரி.எஸ்.எச்., தைரொயிட்டின் ஹோர்மோன்களான ரி-4, ரி-3, இந்த மூன்றும் வந்தது இப்படி:

ரி.எஸ்.எச். 0.18 (எல்லை 0.4–4.0)
ஃப்ரீ ரி-4 1.1 (0.8–1.8)
ரி-3 0.58 (0.8–2.0)

ஒரு தனியார் இடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். பெயர் வேண்டாம். "ரி.எஸ்.எச். குறைவு, படபடப்பு, கை நடுக்கம். தைரொயிட் கூடிவிட்டது" என்று அதைக் குறைக்கக் கார்பிமசோல் எழுதிவிட்டார். ஸ்டீரொயிட் எடுக்கிறேன் என்று நான் சொல்லி முடிக்க முன்னம் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாமசியில் குளிசையை வாங்கிவிட்டேன், ஆனால் இன்னும் வாயில் வைக்கவில்லை. ஏனென்றால், தைரொயிட் கூடினால் ரி-3 உம் கூடத்தானே வேண்டும்? எனக்கு அது எல்லைக்குக் கீழே கிடக்கிறது. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சமனாக வரவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. அம்மாவுக்குக் கழுத்துக் கழலை வந்து ஒப்பரேஷன் செய்தது. அம்மா இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அது எனக்கும் இறங்கியிருக்குமோ?

என் கிளினிக் திகதிக்கு இன்னும் இரண்டரைக் கிழமை இருக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன், முடி கொட்டுகிறது என்று முடிக்கான விற்றமின் ஒன்றும் எடுக்கிறேன்.


மூதூர் நானா எழுதியது:

ரீச்சர், அந்தக் குளிசையை விழுங்காமல் வைத்திருந்தது நல்ல வேலை. நான் டொக்டர் இல்லை, மீன் வாடி வைத்திருக்கிறவன். ஆனால் கிறோன்ஸ் என்ற குடல் அழற்சி வருத்தம் பதினொரு வருடம், தைரொயிட் குறைவு ஆறு வருடம், இரண்டோடும் இழுபட்டு வருகிறேன்.

எனக்கு நடந்தது உங்களுக்கு நேர்மாறு. நான் தைரொக்சின் 75 மைக்ரோகிராம் எடுக்கிற ஆள். ஒரு தரம் குடல் கிளம்பி பிரெட்னிசோலோனில் போட்டார்கள். அதோடு எலும்பு தேயாமல் இருக்கக் கல்சியமும் விற்றமின் டியும், இரத்தம் குறைவென்று இரும்புக் குளிசையும். நான் என்ன செய்தேன்? எல்லாவற்றையும் காலையில் உள்ளங்கையில் கொட்டி, பிளேன்ரீயோடு ஒரே விழுங்கு. மனுசி பார்த்துவிட்டு, "என்ன, கச்சானா சாப்பிடுறீங்க?" என்று கேட்பா.

பிரெட்னிசோலோன் 10 மி.கி.க்கு இறங்கின நேரம் ரி.எஸ்.எச். 11 இல் நின்றது. தைரொக்சினைக் கூட்ட எழுதப்போன நேரத்தில், பக்கத்தில் நின்ற மருந்தாளர் ஒரு கேள்வி கேட்டார்: "எப்படி எடுக்கிறீங்கள்?" அவ்வளவுதான். கல்சியமும் இரும்பும் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், குடலுக்குள் உறிஞ்ச விடாதாம். நாலு மணித்தியாலம் தள்ளி எடுக்கச் சொன்னார். தைரொக்சின் வெறுவயிற்றில் தண்ணீரோடு மட்டும், அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தேத்தண்ணி. மருந்தின் அளவைக் கூட்டவே இல்லை. எட்டாம் கிழமை 2.4.

அடுத்த வருட நோன்புக்குக் கிளினிக்கில் கேட்டு நேரத்தை மாற்றினேன். நோன்பு திறந்து சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும்போது தைரொக்சின். கல்சியம் சஹரோடு, அதாவது விடிய முன் சாப்பாட்டோடு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டீரொயிட்டோடு வருகிற துணைக் குளிசைகளும் தைரொயிட் கணக்கைக் குழப்பும். உங்களுக்கும் கல்சியம் தந்திருப்பார்கள்தானே?

ரிப்போர்ட்டை விளங்கப்படுத்த உப்புவெளி ஐயா வருவார். பொறுங்கள்.


பழைய லெப்காரர் எழுதியது:

கூப்பிட்டபடியால் வந்தேன், நானா.

ரீச்சர், முதலில் உங்களுக்கு இரண்டு புள்ளி வெட்டுகிறேன். மூன்று எண் எழுதினீர்கள், ஒன்றுக்கும் அலகு இல்லை. எல்லைப் பெறுமானம் போட்டபடியால் தப்பினீர்கள். ஃப்ரீ ரி-4 ஐ ஒரு ஆய்வுகூடம் நனோகிராமில் தரும், இன்னொன்று பிக்கோமோலில் தரும், 1.1 உம் 14 உம் ஒரே ஆளின் ஒரே இரத்தமாக இருக்கலாம். நான் முப்பது வருடம் இரத்தக் குழாய்களோடு குடும்பம் நடத்தினவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனம் இளகாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரி.எஸ்.எச். தைரொயிட்டில் சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி, கழுத்தில் இருக்கிற தைரொயிட்டுக்கு எழுதும் கடிதம் அது. கடிதம் குறைவாக வருகிறது என்றால் இரண்டில் ஒன்று. கழுத்தில் வேலை தேவைக்கு மேலேயே நடக்கிறது, அதனால் எழுத வேண்டியதில்லை. இல்லையென்றால் எழுதுகிறவரின் கையை யாரோ பிடித்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கையைப் பிடித்திருப்பது பிரெட்னிசோலோன் என்றே தெரிகிறது. நாளுக்கு 20 மி.கி.க்கு மேல் போனால் இது அடிக்கடி காண்கிற சங்கதி. வாட்டில் ஏற்றின ஹைட்ரோகோர்ட்டிசோனும் இதே வேலையைத்தான் செய்யும்.

எது என்று பிரித்துக் காட்டுவது மற்ற இரண்டு எண்களும்தான். தைரொயிட் உண்மையாகவே கூடியிருந்தால் ரி-4, ரி-3 இரண்டுமோ, குறைந்தது ரி-3 ஆவது ஏறியிருக்கும். உங்களுடைய ரி-4 எல்லைக்குள் இருக்கிறது, ரி-3 தாழ்ந்திருக்கிறது. நீங்கள் கண்ட ஓட்டை சரியான ஓட்டை.

ரி-3 ஏன் தாழ்ந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. தைரொயிட் பெரும்பாலும் வெளியே விடுவது ரி-4 ஐ. அதில் நாலு அயடீன் அணு இருக்கும். ஈரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் ஒரு அயடீனைக் கழற்றினால் ரி-3. கலங்களுக்குள் போய் வேலை வாங்குவது அதுதான். உடம்பில் உள்ள ரி-3 இல் ஏறக்குறைய 80 வீதம் இப்படித் தைரொயிட்டுக்கு வெளியே ஆனது. ஸ்டீரொயிட் இந்தக் கழற்றலை மந்தப்படுத்தும். அதே நேரம் வேறொரு இடத்து அயடீன் கழன்று 'தலைகீழ் ரி-3' என்ற ஒன்று கூடும். பார்க்க ரி-3 மாதிரி, வேலை பூச்சியம்.

இந்தக் குணத்தை வைத்தியர்கள் மருந்தாகவும் பாவிக்கிறார்கள். தைரொயிட் எல்லை மீறி உயிராபத்தாகும் நிலைக்குத் 'தைரொயிட் புயல்' என்று பெயர். அதற்குக் கொடுக்கிற மருந்துகளில் ஹைட்ரோகோர்ட்டிசோனும் ஒன்று. ரி-4 ரி-3 ஆவதைத் தடுப்பதும் அதைக் கொடுக்கிற காரணங்களில் சேரும். தைரொயிட் கூடியதை அடக்கப் பாவிக்கிற அதே வகை மருந்தை நீங்கள் எட்டுக் குளிசை விழுங்கிக்கொண்டு இருக்கிறீர்கள். அதற்கு மேல் கார்பிமசோலும் வேண்டுமா என்று அந்த ஆள் ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

பழியை முழுக்க ஸ்டீரொயிட்டில் போடவும் ஏலாது. பத்துத் தரம் இரத்தத்தோடு போன உடம்பு, தானாகவே அடுப்பைத் தணித்துக்கொள்ளும். காய்ச்சல், சத்திரசிகிச்சை, பெரிய அழற்சி எதுவானாலும் முதலில் தாழ்வது ரி-3. தைரொயிட்டில் ஒரு பழுதும் இருக்காது. உங்கள் 0.58 இல் வருத்தம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்தும் ஒன்றும் செய்யப் போவதில்லை. இரண்டுக்கும் வைத்தியம் குடலை ஆற்றுவதுதான்.

படபடப்பு, நடுக்கம், நித்திரையின்மை, பசி எல்லாம் பிரெட்னிசோலோனே தரும். தைரொயிட் கூடினாலும் இதே பட்டியல்தான். அந்த இடத்தில்தான் அவர் சறுக்கினார்.

முடி விற்றமினைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதினீர்களே, அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. போத்தலைத் திருப்பிப் பாருங்கள், பயோட்டின் 5, 10 மி.கி. என்று இருக்கும். சில இயந்திரங்களின் பரிசோதனை முறையே பயோட்டினை வைத்துத்தான் ஓடுகிறது. இரத்தத்தில் அது கூடினால் ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், ரி-4, ரி-3 பொய்யாகக் கூடியும் காட்டும். தைரொயிட் கூடின ஆளின் ரிப்போர்ட்டுக்கு அச்சொட்டான வேசம். உங்களுக்கு ரி-3 தாழ்ந்திருப்பதால் பயோட்டின் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த தரம் இரத்தம் கொடுக்க முன் இரண்டு மூன்று நாளாவது அதை நிறுத்துங்கள்.

கார்பிமசோல் சும்மா எடுத்துப் பார்க்கிற மருந்து இல்லை. அருமையாகச் சிலருக்கு வெண்குருதிக் கலங்களை அடியோடு இறக்கிவிடும். நீங்கள் எடுக்கிற அசதியோப்பிரினும் அதே கலங்களை இறக்கக்கூடியது. இதைக் கிளினிக் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கழுத்தையும் கண்ணையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள். தைரொயிட் வருத்தமே வராது என்று நான் இங்கிருந்து எழுதித் தர முடியாது.

திரும்பச் சோதிப்பது ஸ்டீரொயிட் நன்றாகக் குறைந்த பிறகு. ரி-4 பாதியாகவே ஒரு கிழமை எடுக்கும், ஆகவே கிழமைக்குக் கிழமை இரத்தம் கொடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். ஆறு, எட்டுக் கிழமை இடைவெளி விடுங்கள். இன்னொன்று: கையை விட்டதும் எழுதுகிறவர் கொஞ்சம் வேகமாக எழுதுவார். உடம்பு தேறி வரும்போது ரி.எஸ்.எச். எல்லையைத் தாண்டி மேலே போய்விட்டு இறங்கலாம். அப்போது "தைரொயிட் குறைந்துவிட்டது" என்று இன்னொருவர் தைரொக்சின் எழுதுவார். கவனம்.


குளக்கோட்டன் பேரன் எழுதியது:

அக்கா கோவாவும் மரவள்ளியும் நிறுத்துங்கோ. தைரொயிட்டுக்குக் கூடாது. பக்கெட் உப்பை விட்டுட்டு எங்கட உப்பளத்துக் கல்லுப்புப் பாவியுங்கோ, கடலிலயிருந்து வாறதால இயற்கையான அயடீன் இருக்கு.


பழைய லெப்காரர் எழுதியது:

தம்பி, உப்புவெளியில் குடியிருந்துகொண்டு உப்பைப் பற்றிப் பிழையாக எழுத விடமாட்டேன். கடல்நீரைக் காய்ச்சி எடுத்த வெறும் உப்பில் அயடீன் மிகக் கொஞ்சம்தான். அயடீன் சேர்த்த உப்புத்தான் வேண்டும் என்று இலங்கையில் 1995 இல் சட்டமே கொண்டுவந்தது அதனால்தான். மரவள்ளியும் கோவாவும் அயடீன் போதாத ஆட்களுக்குத்தான் பிரச்சினை. ரீச்சர் நன்றாக அவித்துச் சாப்பிடட்டும், அவருக்கு இருக்கிற பசிக்கு.

அம்மாவின் கழலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அந்தக் காலத்தில் இரத்தினபுரி, களுத்துறைப் பக்கமெல்லாம் கழலை மலிந்த பகுதி. மழை கூடின தென்மேற்கு, ஆட்களுக்கு அயடீன் போதாது. அம்மாவுக்கு அப்படி வந்திருந்தால் அது ஊரோடு வந்தது, இரத்தத்தோடு வந்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சந்தேகமென்றால் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கிறதா என்று ஒரே ஒரு தரம் பார்க்கலாம்.


இரவு டியூட்டி எழுதியது:

நான் தாதி. ஒரே ஒரு விஷயம், எல்லாரும் விட்டுவிட்டீர்கள். ரீச்சர், "எல்லாம் இந்த ஸ்டீரொயிட்டால்தான்" என்று கோபத்தில் பிரெட்னிசோலோனை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். மூன்று கிழமைக்கு மேல் எடுத்தால் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கிற அதிரினல் சுரப்பி, கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கும் தன் வேலையை மறந்து படுத்துவிடும். எழும்ப நேரம் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் படிப்படியாகக் குறைக்கிறது.

குறைத்துக்கொண்டு வரும்போது கடைசியில் ஒரு களைப்பு வரும். எழும்பி நின்றால் தலை சுற்றும், ஓங்காளம் வரும். அதைப் பார்த்துவிட்டுத் தைரொயிட் குறைவென்று தைரொக்சினைத் தொடங்கிவிடக்கூடாது. தைரொக்சின் உடம்பில் இருக்கிற கொஞ்ச நஞ்சக் கோர்ட்டிசோலையும் வேகமாகச் செலவழிக்க வைக்கும். அதிரினல் படுத்திருக்கிற ஆளுக்கு அது ஆபத்து. முதலில் கோர்ட்டிசோல், பிறகுதான் தைரொயிட். அப்படி ஏதும் வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வாருங்கள்.


உவர்மலை ரீச்சர் எழுதியது (நாலு மாதம் கழித்து):

திரும்பி வந்து விடை எழுதாமல் போனால் முறையில்லை.

கிளினிக்கில் டொக்டர் ரிப்போர்ட்டையும் கார்பிமசோல் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்தைத் தடவி, கண்ணைப் பார்த்து, கையை நீட்டச் சொன்னார். "நீங்கள் இதை எடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றதும் ஒரு பெருமூச்சு விட்டார். பிரெட்னிசோலோன் குறையட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். பிறபொருளெதிரி எழுதினார், இல்லை என்று வந்தது.

பொறுமை இருந்திருந்தால் அதோடு விட்டிருக்கலாம். 10 மி.கி.யில் நிற்கும்போது, பயோட்டினை நாலு நாள் நிறுத்திவிட்டு நானே போய் இரத்தம் கொடுத்தேன். ரி.எஸ்.எச். 5.2 மில்லி அலகு, லீற்றருக்கு. ஃப்ரீ ரி-4 1.0 நனோகிராம், டெசிலீற்றருக்கு. ரி-3 1.1 நனோகிராம், மில்லிலீற்றருக்கு. (அலகு எழுதியிருக்கிறேன், ஐயா.) முதலில் 0.18, இப்போது 5.2. இப்படி ஒரு வளையியைப் பிள்ளை ஒன்று கீறிக்கொண்டு வந்தால் புள்ளியைப் பிழையாகக் குறித்துவிட்டாய் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். ஐயா எழுதினது ஞாபகம் வந்தது, பேசாமல் இருந்தேன்.

அடுத்த கிழமை 5 மி.கி. அப்போதுதான் களைப்பு வந்தது. கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோட்டை வாசலைத் தாண்டி ஏறுகிற அந்த ஏற்றம், சின்ன வயதில் ஓடி ஏறின இடம். பாதியில் மான் படுத்திருந்த மர நிழலில் நானும் உட்கார்ந்துவிட்டேன். எழும்பினால் கண் இருட்டுகிறது. தம்பியிடம் சொன்னால், "ரி.எஸ்.எச். 5 என்றால் தைரொயிட் குறைவுதானே, மனுசியுடைய தைரொக்சின் இருக்கு, அனுப்பட்டா?" என்கிறான். இரவு டியூட்டித் தங்கச்சி, உங்களை அந்த நேரம் நினைத்தேன். அடுத்த நாளே போனேன்.

முதல் நாள் காலைக் குளிசைக்குப் பிறகு 24 மணித்தியாலம் விட்டு, அன்றைய குளிசையை எடுக்க முன், காலை எட்டு மணிக்குக் கோர்ட்டிசோல் எடுத்தார்கள். பிரெட்னிசோலோனும் சில பரிசோதனைகளில் கோர்ட்டிசோல் மாதிரியே தெரியுமாம். குறைவாகத்தான் வந்தது. 5 மி.கி.யில் இன்னும் கொஞ்ச நாள் வைத்து, பிறகு 2.5 மி.கி.யில் ஒரு மாதம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். தைரொக்சின் ஒரு துளியும் இல்லை. களைப்பு மெல்ல மெல்ல விட்டது.

போன கிழமை எடுத்தது: ரி.எஸ்.எச். 2.3 மில்லி அலகு, லீற்றருக்கு. ஃப்ரீ ரி-4 1.2 நனோகிராம், டெசிலீற்றருக்கு. ரி-3 1.2 நனோகிராம், மில்லிலீற்றருக்கு. குடலும் அமைதி. நானா, கல்சியம் எனக்கும் தந்திருந்தார்கள், ஆனால் தைரொக்சின் இல்லாதபடியால் சண்டை இல்லை. கார்பிமசோல் கார்ட் இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க முடியாதாம்.


மூதூர் நானா எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். ரீச்சர், அந்தக் கார்ட்டை லாச்சியில் வைக்காதீர்கள். வீட்டில் யாராவது தலையிடிக் குளிசை என்று எடுத்துப் போடுவார்கள்.


பழைய லெப்காரர் எழுதியது:

ஆறுக்கும் அலகு இருக்கிறது, பார்த்தேன். வெட்டின இரண்டில் ஒரு புள்ளியைத் திருப்பித் தருகிறேன். மற்றதைத் தரமுடியாது. இரத்தம் கொடுத்த நேரத்தைக் கோர்ட்டிசோலுக்கு மட்டும் எழுதிவிட்டு ரி.எஸ்.எச்.க்கு விட்டுவிட்டீர்கள். அது இரவில் ஏறி, பகலில் இறங்குகிற சாமான்.